போட் ஓடேல்லை என்று சொன்னவள் எழுதுவது

மகனே,

இந்தக் கடிதத்தில் அன்பு, ஆசீர்வாதம் ஒன்றும் இராது. அவற்றை நத்தார்ப் பண்டிகைக்கு வைத்துக்கொள்வோம். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் படத்தைப் போட்டு முகநூலில் நீ எழுதியதைப் பக்கத்து வீட்டுப் பிலோமினா வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். கொரோனாவில் இருந்து எழும்பிய மனிதரை ஒரு சொல்லும் சொல்லாமல் அரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பி, ஒரு டொக்டர் பிள்ளை என் தகப்பனைக் கொன்றாள் என்று எழுதியிருக்கிறாய். அவளின் பெயரையும் போட்டு, எங்கேயோ தேடி அவளின் படத்தையும் போட்டிருக்கிறாய். கீழே எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். ஒருத்தி அந்தப் பிள்ளையின் வயிற்றில் புழுவும் பூச்சியும் தரிக்காமல் போக என்று சாபமும் போட்டிருக்கிறாள். பிலோமினா வாசித்துக்கொண்டே மூக்கைச் சீறினாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டேன்.

அது போதாதென்று அவளுக்கு எதிராக முறைப்பாட்டுக் கடதாசியும் அடித்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். செத்தவரின் பெண்சாதி கையெழுத்து வைத்தால்தான் அது செல்லுமாம். இந்தக் கிழமையில் மூன்று தரம் போன் எடுத்துவிட்டாய். "கையெழுத்தை மட்டும் வையுங்கோ அம்மா, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்கிறாய். மிச்சத்தைப் பார்ப்பதில் நீ எப்போதும் வல்லவன்தான். ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் போகப்போகிறது. அது என் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீ ஊருக்கு எழுதினாய். ஆகையால் நானும் ஊருக்குத்தான் எழுதுகிறேன். இதைப் பிலோமினாவின் மகளைக் கொண்டு படம் பிடித்து, நீ எழுதியதற்குக் கீழேயே போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே அழுதவர்கள் எல்லாரும் இதையும் வாசிக்கட்டும்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். நாடே பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் நெடுந்தீவுக்கு இந்தக் கொரோனா வருத்தம் வராது என்றுதான் நாங்கள் இருந்தோம். ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி ஆடி இங்கே வர அதற்கென்ன விசரோ என்று உன் அப்பா பகிடி விட்டார். பிறகு ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்து இரண்டு பேரும் படுத்தோம். எனக்கு மணமும் ருசியும் போனதோடு சரி. அவருக்கு நாலாம் நாள் மூச்சு எடுக்க ஏலாமல் போனது. நேவிக்காரரின் போட்டில் இரண்டு பேரையும் ஏற்றிக் குறிகட்டுவான் துறையில் இறக்கி, அங்கிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நீ எழுதினாய், நான் எழுத மாட்டேன். அவரைக் கீழே ஆண்கள் வாட்டில் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். என்னை மேலே வைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாள் அவர் அந்தக் குழாயோடு கிடந்தார்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். அவளும் எங்களைப்போலக் கத்தோலிக்க வேதக்காரிதான், கரையோரத்து ஊர். அவளின் மனிசன் கீழே செத்துப்போனார். கொரோனா வந்த புதிதில் செத்தவர்களை எல்லாம் எரித்தார்கள். பிறகு புதைக்கலாம் என்று சட்டம் வந்தது, அதுவும் கிழக்கே எங்கேயோ தூரத்தில் ஒரே ஒரு இடத்தில். சொந்த ஊர்ச் சேமக்காலையில் கொண்டுபோய்ப் புதைக்க எவரையும் விடவில்லை. அவளின் பிள்ளைகள் அவ்வளவு தூரம் அலைய வழி தெரியாமல் எரிக்கச் சம்மதித்துவிட்டார்கள். பெட்டியை யன்னலால் காட்டினார்கள். மணி அடிக்கவில்லை, செபிக்கச் சுவாமியார் வரவில்லை, ஒரு பிடி மண்ணும் இல்லை. அவள் கட்டிலில் குந்தியிருந்து என்னை மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தாள், "அக்கா, கல்லறைத் திருநாளுக்கு நான் எங்கை போய் மெழுகுதிரி கொளுத்துறது?" என்று. ஒரு பகல் முழுக்க அதையே கேட்டாள். கடைசியில் நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, எங்கள் வீட்டுக்கும் இது வரும் என்று அவள் எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று.

அன்று பின்னேரம் நீ கனடாவில் இருந்து போன் எடுத்தாய். நான் இதைச் சொன்னேன். நீ சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம். "அம்மா, அப்பாவை எப்பிடியாவது ஊருக்குக் கொண்டுபோயிடுங்கோ. அங்கை செத்தால் எரிச்சுப் போடுவாங்கள். எங்கட பரம்பரையிலை ஒருத்தரையும் எரிக்கேல்லை." அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாய். நான் உன்னைப் பிழை சொல்லவில்லை, எனக்கும் அன்று அதே வரிசைதான் மனதில் இருந்தது.

அவர் தப்பினார். குழாயைக் கழற்றி ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்து, வாட்டுக்குள் நடக்கவிட்டு, படி ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். அரை உயிரோடு அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறாயே, நீயா பார்த்தாய்? அந்த டொக்டர் பிள்ளை, ஒல்லிப் பிள்ளை, அந்தப் பிளாஸ்ரிக் சட்டைக்குள் வேர்த்து ஒழுகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நின்று கதைத்தாள். "அம்மா, கிருமி போயிட்டுது. ஆனா கிருமியோடை சண்டை பிடிக்க உடம்பு ஒரு நெருப்பு மூட்டினது, அது இன்னும் முழுக்க நூரேல்லை. வயசான ஆக்களுக்கு, கடுமையா வந்து எழும்பின ஆக்களுக்கு, மூண்டு நாலு கிழமையாலையும் அது திரும்பப் பத்தும். நெஞ்சிலை பத்தும், நுரையீரலிலை பத்தும், சிறுநீரகத்திலை பத்தும். காய்ச்சல் திரும்பி வந்தால், கண் சிவந்தால், கால் வீங்கினால், களைச்சால், ஒரு நாளும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அடுத்த போட்டிலை ஏத்துங்கோ. அதை அடக்க எங்களிட்டை மருந்து இருக்கு." அதைத் தமிழில் எழுதியும் தந்தாள். தந்துவிட்டு விடவில்லை. "இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். ஞானோபதேச வகுப்பில் கேட்பதுபோல மூன்று தரம் என்னைக் கொண்டு சொல்ல வைத்தாள். மூன்று தரமும் பிழையில்லாமல் சொன்னேன். ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பினாள் என்று நீ எழுதியது இவளைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் நன்றாக இருந்தார். மாட்டைப் பார்க்கக் கல்வேலி வரைக்கும் நடந்துபோனார், பால் கறக்கிறவனைப் பிழை பிடித்தார், உறைப்புக் காணாது என்று கறியைத் தள்ளினார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. புதன்கிழமை கண் இரண்டும் கொவ்வைப்பழம். முதுகில் சிவப்புச் சிவப்பாய்த் தடித்தது. கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறாயா? அவளின் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன், எல்லாம் அப்படியே இருந்தது. பார்த்துவிட்டு அதை மடித்து அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மருத்துவிச்சி வாசலில் வந்து ஐயா எப்படி என்று விசாரித்தபோது, தலைக்கு முழுகினதில் தடிமன் காய்ச்சல், வேறொன்றுமில்லை என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். செபமாலை சொன்னேன்.

என் கணக்கு இதுதான், ஊருக்கும் தெரியட்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்தாலும் பிழைப்பார், செத்தாலும் சாவார். செத்தால் கொரோனா என்று எழுதி எரிப்பார்கள். வீட்டில் வைத்திருந்தால் செத்தாலும் எங்கள் சேமக்காலையில், அவரின் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு உயிருள்ள மனிசனை எனக்கு முன்னால் படுக்க வைத்துக்கொண்டு நான் அவரின் பிணத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை பின்னேரம் உனக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். காய்ச்சல் திரும்பிவிட்டது, டொக்டர் உடனே வரச் சொன்னவள் என்றும் சொன்னேன். நீ "நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ அம்மா. அங்கை போனால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றாய். கொண்டுபோக வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. நீ கெட்டிக்காரன், அப்படி ஒரு சொல்லை நீ வாயால் விட மாட்டாய். ஆனால் நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அது வசதியாயும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவர் வாய்விட்டுக் கேட்டார். தலையணையை இரண்டாக அடுக்கிச் சாய்ந்திருந்தார், ஒரு வசனத்துக்கு இரண்டு தரம் மூச்சு எடுத்தார். "இஞ்சை, போட்டுக்குச் சொல்லு. எனக்கு நெஞ்சுக்குள்ளை சரியில்லை."

"காத்து. போட் ஓடேல்லை" என்றேன் நான்.

நாற்பத்தொரு வருடம் ஒரு மனிசனோடு குடும்பம் நடத்தியவள், கூசாமல் சொன்னேன். காற்று ஒரு ஓலையைக்கூட ஆட்டவில்லை. எங்கள் வீடு துறைமுகத்தில் இருந்து எத்தனை எட்டு என்று உனக்குத் தெரியும். நான் சொல்லி வாய் மூடவில்லை, துறையில் போட் ஊதியது. அவர் என்னைப் பார்த்தார். "ஓடாத போட்டுக்கு ஏன் ஊதுறாங்கள்?" என்று கேட்டார். நான் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா போய் நின்றேன். கொஞ்ச நேரத்தால் அவர் கூப்பிட்டார். போனேன். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. கோபமாகச் சொல்லவில்லை, மாட்டு வியாபாரிக்கு விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "செத்தாப் பிறகு எரிச்சால் எனக்கு நோகாது. இப்ப நோகுது."

நான் அவரின் நெற்றியைத் துடைத்துவிட்டேன். போட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கவும் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஒரு தரமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீர் கொடுத்தபோது என் கையைத் தட்டிவிட்டுத் தானே பிடித்துக் குடிக்கப் பார்த்தார். பாதி நெஞ்சில் ஊற்றுப்பட்டது. சனிக்கிழமை வெயில் ஏறும் நேரம் முடிந்துவிட்டார். அவரின் வாயைத் துவாயால் கட்டிய பிறகு எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா, இங்கேயே முடிந்துவிட்டது என்ற நிம்மதிதான் வந்தது. இதை நான் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சட்டப்படி மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்தார். கொரோனா இல்லை என்று வந்தது. எல்லாரும் கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னார்கள். மணி அடித்து, சுவாமி முன்னால் போக, ஆட்களைக் குறைத்து, ஆனால் முறைப்படி, தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் வைத்தோம். நீ போனில் முழுவதையும் பார்த்தாய். "குடுத்து வைச்ச சாவு அம்மா, நீங்கள் செய்த புண்ணியம்" என்று சொல்லி அழுதாய். செத்த வீட்டுக்கு வந்த பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் என் கண்ணைக் காட்ட அக்கரைக்குப் போனபோது, ஆஸ்பத்திரி நடையில் அந்த டொக்டர் பிள்ளை என்னைக் கண்டு நின்றாள். எத்தனை கிழவன் கிழவி அவளிடம் வந்து போயிருப்பார்கள், என்னை ஞாபகம் வைத்திருந்தாள். "நெடுந்தீவு அம்மா, ஐயா எப்பிடி?" என்றாள். சொன்னேன். என்றைக்குக் காய்ச்சல் வந்தது, கண் சிவந்ததா, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். முகம் கறுத்துப்போனது. அது கொரோனா இல்லை அம்மா என்றாள், கொரோனா போன பிறகு உடம்பே தன்னைத் தின்கிற வருத்தம் என்றாள். வாசலில் சோதித்து, இல்லை என்று வந்ததும் சாதாரண வாட்டில் வைத்திருப்பார்களாம். ஒரு கிழமை ஊசி போட்டால் அநேகம் பேர் எழும்பிவிடுவார்களாம். நான் அதோடு நிற்கவில்லை, கேட்கக்கூடாததையும் கேட்டேன். "அங்கை வந்து செத்திருந்தால், பிள்ளை?" அவளுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்கவில்லை. "செத்திருந்தாலும் உங்கட கையிலைதானே தந்திருப்பம். நீங்கள் ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாம்" என்றாள்.

விளங்கியதா மகனே? எரித்திருக்கவே மாட்டார்கள். நாங்கள் பயந்த நெருப்பு அவருக்கு இருக்கவேயில்லை. இருந்த நெருப்பை நூர்க்க மருந்து இருந்தது, போட்டும் இருந்தது.

"ஏனம்மா கொண்டு வரேல்லை?" என்று அவள் கேட்டாள். நான் அவளின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், "காத்து, பிள்ளை. போட் ஓடேல்லை" என்று. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை அம்மா, தீவுச் சனத்தின்ரை விதி" என்று சொல்லிக் கண் கலங்கினாள். நீ வேலையால் நிற்பாட்டப் பார்க்கிறது இவளைத்தான்.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி. உனக்குப் பத்து வயதில் செவலைக் கன்றை வெயிலில் கட்டிப்போட்டுத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டு விளையாடப் போனாய். கன்று செத்தது. பின்வளவு மரியம்மா கயிற்றை மாற்றிக் கட்டினவள் என்று அப்பாவிடம் சொன்னாய். நீ மறந்ததை நான் கண்டவள். ஆனால் அடி விழும் என்று, ஓம் மரியம்மாவைத்தான் கண்டனான் என்று நானும் சாட்சி சொன்னேன். இரண்டு வருடம் உன் அப்பா அந்த மனுசியோடு கதைக்கவில்லை. அவள் கோயிலில் எங்களுக்குப் பின்வரிசை வாங்கில் இருந்து ஏன் என்று தெரியாமல் அழுவாள். அன்று நான் உனக்கு ஒரு அடி வாங்கித் தந்திருந்தால் இன்று இந்த முறைப்பாடு வந்திராது. உன்னைக் கெடுத்தது நான். கெட்டது நீ. இரண்டும் இரண்டுதான், ஒன்றைச் சொல்லி மற்றதில் இருந்து தப்ப ஏலாது.

உன்னோடு உன் மாமனார் இருக்கிறார், எண்பது வயது. போன மாதம் அவருக்கும் இந்த வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினார் என்று உன் பெண்சாதி சொன்னாள். தப்பிவிட்டார் என்று கேக் வெட்டிப் படமும் போட்டிருந்தாய். அவரின் கண்ணைப் பார். காலைப் பார். படி ஏறும்போது களைக்கிறதா என்று நின்று பார். அவர் நெஞ்சு சரியில்லை என்று சொன்னால் யாரிடமும் கேட்காதே, என்னிடமும் கேட்காதே, யோசிக்காதே, ஏற்று. உனக்கு யோசிக்கக் கொடுத்தால் நீ என்னைப்போலத்தான் யோசிப்பாய். எனக்கு அப்படி ஒன்று வந்தாலும் இதுதான். ஏற்றிவிடுங்கோ, பிறகு என்னை எங்கே வேண்டுமென்றாலும் எரியுங்கோ. அவருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதேங்கோ, அவர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு என் கையைத் தட்டிவிட்டவர்.

உன் கடதாசியில் நேற்றுக் கையெழுத்து வைத்துவிட்டேன், பயப்படாதே. யாருக்கு எதிரான முறைப்பாடு என்று கேட்டிருந்த இடத்தில் நீ எழுதிய பெயரை அடியோடு வெட்டினேன். வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே உன் முழுப் பெயரை எழுதினேன். என்ன நடந்தது என்று எழுத விட்ட இடம் போதாமல் இரண்டு தாள் சேர்த்துத் தைத்தேன். எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு ஒட்டி இன்று காலைப் போட்டில் கொடுத்துவிட்டேன், துறையில் நின்று அது போகும் வரைக்கும் பார்த்தேன். குற்றம் சாட்டப்பட்டவரின் விலாசமும் கேட்டிருந்தார்கள். கனடாவில் உன் வீட்டு இலக்கம் எனக்குச் சரியாக ஞாபகம் இருந்தது.

அம்மா